பிரிந்தவரிடம் தங்கிவிட்ட பொருட்களைத் திரும்பப் பெறுவது எப்படி: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

ஓர் உறவு முறிந்த பிறகு அடுத்தவர் வீட்டில் தங்கிப்போகும் பொருட்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: சான்றிதழ் ஃபைல், ஒன்றோ இரண்டோ பவுன் நகை, மடிக்கணினி, இருசக்கர வாகனம், சில வேளைகளில் பாஸ்போர்ட். நாகர்கோவிலில் சட்டத் தன்னார்வலராக உதவிவரும் என்னிடம் இப்படிப்பட்ட சிக்கலோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கேஸ் கொடுக்கலாமா அண்ணாச்சி?" என்பதுதான். கொடுக்கலாம். ஆனால், பொருளைத் தேதி குறிப்பிட்டுக் கேட்டதற்கும், அவர் தர மறுத்ததற்கும் உங்கள் கையில் எழுத்து இருக்கிறதா என்பதே என் மறு கேள்வி. பத்தில் ஒன்பது பேரிடம் இருப்பதில்லை. தொலைபேசியில் அழுதிருப்பார்கள், சண்டையிட்டிருப்பார்கள், நண்பர்களைத் தூது அனுப்பியிருப்பார்கள். ஆனால் "என்னுடைய இன்ன பொருளை இன்ன தேதிக்குள் தாருங்கள்" என்று ஒரு வரியும் எழுதியிருக்கமாட்டார்கள். காவல் நிலையமானாலும் நீதிமன்றமானாலும் பின்னால் வரும் ஒவ்வொரு படியும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது என்பதால், இந்தக் கட்டுரையும் அதை நோக்கியே செல்கிறது.

முதலில் பட்டியல்

ஒரு முழுத்தாளில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். பொருளின் பெயரும் அடையாளமும், அது எப்போது எப்படி உங்களுடையதானது, அதற்கு என்ன சான்று, இப்போது அது எங்கே இருக்கிறது. "என் நகை எல்லாம்" என்று எழுதக் கூடாது. "ஒன்றரை பவுன் கயிறுமாடல் சங்கிலி, 2021இல் அம்மா வாங்கியது, பில் அம்மாவிடம் உள்ளது" என்று எழுத வேண்டும். அண்மைக் காலத்தில் ஹால்மார்க் முத்திரை பெற்ற நகைகளில், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாமல் கடைகள் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்பதால், அண்மையில் வாங்கிய நகையாக இருந்து அந்த எண் பில்லிலோ நீங்கள் எடுத்த படத்திலோ பதிவாகியிருந்தால், அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. கைப்பேசி என்றால் பெட்டியின் மேல் அச்சிட்ட ஐ.எம்.இ.ஐ. எண்ணையும், மடிக்கணினி என்றால் தொடர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பில் இல்லாத பழைய நகைகளுக்கு, அவற்றை அணிந்து எடுத்த குடும்ப நிகழ்ச்சிப் படங்கள் உதவும்.

பட்டியலை எழுதும்போதே பரிசுகளைத் தனியே பிரித்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் மனம் ஒப்பாத இடம் இதுதான். நீங்களாக மனமுவந்து கொடுத்து, அவர் பெற்றுக்கொண்ட பிறந்தநாள் கைக்கடிகாரம் இனி அவருடையது; 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின்படி அசையும் பொருளைக் கையில் கொடுத்த அளவிலேயே கொடை முடிந்துவிடுகிறது, கொடுத்தவர் தன் விருப்பப்படி அதைத் திரும்பப் பெற முடியாது. அதே கணக்கில் அவர் உங்களுக்குக் கொடுத்த கொலுசும் உங்களுடையதே. கோபத்தில் அதைத் திருப்பி வீசிவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், பிறகு அதைக் கேட்க வழியில்லை. இருவரும் சேர்ந்து பணம் போட்டு வாங்கிய குளிர்பதனப் பெட்டி, கட்டில் போன்றவற்றுக்கு இரண்டே வழிகள்தாம்: ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர் பங்கைத் தருவது, அல்லது விற்றுப் பிரிப்பது. கைமாற்றாகக் கொடுத்த பணம் தனிக் கணக்கு. அதை இந்தப் பட்டியலோடு கலந்தால் இரண்டும் குழம்பும்.

அடுத்து, கைப்பேசியில் இருக்கும் வாட்ஸாப் உரையாடலை அழிக்காமல், படங்களுடன் ஏற்றுமதி செய்து இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். "உன் செயின் என்கிட்டதான் இருக்கு, அப்புறம் தாரேன்" என்று அவர் எப்போதோ எழுதிய ஒரு வரி, பில்லைவிடப் பெரிய சான்றாக மாறக்கூடும். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழை வழக்கறிஞர் தயாரித்துத் தருவார். அதுவரை அந்தக் கைப்பேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். உங்கள் மடிக்கணினி அவரிடம் இருந்தால், அன்றே மின்னஞ்சல், வங்கி, சமூக ஊடகம் எல்லாவற்றின் கடவுச்சொற்களையும் மாற்றி, பிற சாதனங்களிலிருந்து வெளியேறும் வசதியையும் பயன்படுத்துங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. பொருளைக் கேட்டதற்குப் பதிலாக அந்தரங்கப் படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டல் வந்தால், அது பொருள் விவகாரம் அல்ல. பேரம் பேசாமல், பதில் எழுதாமல், திரைப்பதிவு எடுத்துக்கொண்டு நேரே காவல் துறையிடமோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் செய்யுங்கள். சங்கிலி பிறகு வரட்டும்.

கேட்கும் கடிதம்

பட்டியல் தயாரானதும் அவருக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். வாட்ஸாப் போதும், மின்னஞ்சலும் அனுப்பினால் நல்லது. அதில் பழைய கதை, குற்றச்சாட்டு, அவருடைய புதிய நண்பரைப் பற்றிய விசாரிப்பு எதுவும் இருக்கக் கூடாது. நான் எழுதித் தருவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"வணக்கம். என்னுடைய கீழ்க்கண்ட பொருட்கள் உங்களிடம் இருக்கின்றன: (பட்டியல்). வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு உங்கள் சித்தப்பா வீட்டில் வந்து பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். அது ஒத்துவராவிட்டால் உங்களுக்கு வசதியான வேறு நாளையும் இடத்தையும் இம்மாதம் 20ஆம் தேதிக்குள் தெரிவியுங்கள். உங்களுடைய ஹெல்மெட்டும் இரண்டு புத்தகங்களும் என்னிடம் உள்ளன. அவற்றையும் அன்றே தந்துவிடுகிறேன்."

கடைசி வரி மரியாதைக்காக மட்டும் எழுதியதல்ல. அவருடைய பொருளைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறவர், தன் பொருளைக் கேட்கும்போது பாதி வலுவை இழந்துவிடுகிறார். செய்தியைப் படித்ததற்கான நீலக் குறி விழுந்ததும் அதைத் திரைப்பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். அவர் "தர முடியாது" என்று எழுதினால் வருந்த வேண்டாம். உங்களுக்குத் தேவையான எழுத்து கிடைத்துவிட்டது.

இடைமனிதர் யார் என்பதில் நம் மாவட்டத்துக்கென்று சில வழக்கங்கள் உண்டு. கடற்கரை ஊர்களில் பங்குத்தந்தையும் பங்குப்பேரவையும், உள்நாட்டில் சபைப் போதகரோ ஊர்க் கமிட்டியோ, தக்கலை, குளச்சல் பக்கங்களில் ஜமாஅத்தும் இத்தகைய காரியங்களில் தலையிட்டுப் பொருளை வாங்கித் தருவதுண்டு. அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடப்பது வக்கீல் நோட்டீஸுக்கு நடப்பதில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களிடம் போனால் பேச்சு பொருளோடு நிற்காது. ஏன் பிரிந்தீர்கள், சேர்ந்து வாழக் கூடாதா, வீட்டுக்குத் தெரியுமா என்று விசாரணை நீளும். வேறு சாதியிலோ மதத்திலோ அமைந்த காதலாக இருந்து, அது வீட்டுக்குத் தெரியாததாகவும் இருந்தால், ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டுபோவது ஆபத்தாகவே முடியலாம். அப்படிப்பட்டவர்கள் கீழே சொல்லும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியையே முதலில் நாட வேண்டும் என்பது என் கருத்து. ஊர் வழியில் போகிறவர்களும், ஒப்படைத்ததை எழுதிக் கையெழுத்து வாங்கித் தரச் சொல்லத் தயங்க வேண்டாம்.

செய்யக் கூடாதவை சில உண்டு. சாவி கையில் இருக்கிறது என்பதற்காக அவர் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்து பொருளை எடுத்து வராதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருந்தால் ஒழிய, அத்துமீறி நுழைந்ததாகவும் திருடியதாகவும் உங்கள் மேலேயே மனு வரும், பிறகு நீங்கள் கேட்க வந்த சங்கிலியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் அவரைப் பற்றி எழுதாதீர்கள். அவர் வேலை செய்யும் கடைக்குப் போய் நிற்காதீர்கள்.

ஒப்படைக்கும் நாள்

அவர் ஒப்புக்கொண்டால், தனியாகப் போகாமல் இருவரைக் கூட்டிக்கொண்டு, பகல் நேரத்தில் போங்கள். உடன் வருகிறவர்கள் அதிகம் பேசாதவர்களாக இருப்பது நல்லது. உணர்ச்சி வேகத்தில் பேசும் அண்ணனைவிட, பேசாமல் நிற்கும் பக்கத்து வீட்டு மாமி எத்தனையோ மேல். பட்டியலின் இரண்டு பிரதிகளை எடுத்துப்போய், ஒவ்வொரு பொருளாகச் சரிபார்த்து, மடிக்கணினியை இயக்கிப் பார்த்து, இரு பிரதிகளிலும் இருவரும் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். நகையை அங்கேயே எடை பார்க்க முடியாது என்பதால், "சங்கிலி ஒன்று, எடை பார்க்கப்படவில்லை" என்று எழுதிக்கொண்டு, அன்றே ஒரு நகைக்கடையில் எடை போட்டுக்கொள்ளுங்கள். வராத பொருள் இருந்தால் அதையும் "நிலுவை" என்று எழுத வேண்டும். "இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியை எல்லாம் வந்து சேராத வரை கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். நேரில் பார்க்க மனமில்லாவிட்டால் துணிமணிகளையும் புத்தகங்களையும் அஞ்சலில் அனுப்பச் சொல்லலாம். நகையையும் அசல் சான்றிதழையும் அஞ்சலில் அனுப்பக் கேட்காதீர்கள்.

மறுத்தால்: நோட்டீஸும் ஆணைக்குழுவும்

குறித்த தேதி கடந்தும் பொருள் வரவில்லை என்றால், வழக்கறிஞர் மூலம் பதினைந்து நாள் கெடுவுடன் ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி ஆகிய இடங்களில் நீதிமன்றங்கள் இருப்பதால் அருகிலேயே வழக்கறிஞர் கிடைப்பார். இந்த நோட்டீஸுக்கு மிரட்டல் என்பதைத் தாண்டிய மதிப்பு ஒன்று உண்டு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒருவரிடம் ஒப்படைத்து வைத்த அசையும் பொருளை மீட்க வழக்குப் போடும் மூன்றாண்டுக் கெடு, கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்தே தொடங்குகிறது. கேட்ட நாளும் மறுத்த நாளும் எழுத்தில் இல்லாவிட்டால் கெடு எப்போது தொடங்கியது என்பதே வாதமாகிவிடும்.

உரிமையியல் வழக்கில், அதே ஆண்டின் குறித்த வகைத் துயர்தீர்ப்புச் சட்டம், பணமாக ஈடு செய்ய முடியாத பொருளை அந்தப் பொருளாகவே திருப்பித் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு வழி செய்கிறது. கடையில் வாங்கிய மிக்ஸிக்கு அதன் விலை போதும். பாட்டி காதில் அணிந்த பாம்படத்துக்கு விலை ஈடாகாது. ஆனால் மிக்ஸிக்காக யாரும் நீதிமன்றம் ஏறக் கூடாது என்றும் சேர்த்தே சொல்வேன். என்னிடம் வந்த ஒருவரின் அத்தை, பட்டியலில் இருந்த குக்கரையும் தலையணைகளையும் பார்த்துவிட்டு, "போட்டு மக்களே, இனி அது எதுக்கு?" என்றார், அந்த இரண்டு வரிகளையும் அங்கேயே அடித்துவிட்டோம்.

வழக்குக்கு முன் நான் பெரிதும் பரிந்துரைக்கும் இடம், நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடுவதற்கு முந்தைய நிலையிலேயே அங்கு மனு கொடுக்கலாம். எதிர்த்தரப்பை அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தில் சமரசம் எழுத்தானால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமானது, அதன் மேல் மேல்முறையீடு இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். இலவச உதவி எண் 15100. ஊர் அறியாமல், கூச்சலில்லாமல் காரியம் முடியும் இந்த இடத்துக்கு மிகக் குறைவானவர்களே வருகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

காவல் நிலையம்

நம்பி ஒப்படைத்த பொருளை ஒருவர் தனதாக்கிக்கொண்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த நாளுக்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 406ஆம் பிரிவு பொருந்தும். ஆகவே மனுவில் எழுத வேண்டியவை மூன்று செய்திகள்: இன்ன பொருளை இன்ன நாளில் நம்பி ஒப்படைத்தேன், இன்ன தேதியில் எழுத்தில் கேட்டேன், அவர் மறுத்தார், அல்லது விற்றார், அல்லது அடகு வைத்தார். காதல் கதையை நான்கு பக்கம் எழுதி, பொருளைக் கடைசி வரியில் சொன்னால், நிலைய எழுத்தர் அதைக் காதல் தகராறு என்றே படிப்பார்.

மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு பதினான்கு நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இடம் தருகிறது. பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே இருவரையும் அழைத்துப் பேசி, பொருள் கைமாறிவிடும். மனுவைப் பதிய மறுத்தால் அதன் விவரத்தை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அங்கும் பயனில்லை என்றால் 175ஆம் பிரிவின்படி குற்றவியல் நடுவரிடம் போகலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் உடனே நடக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த மனு சுற்றி அதே காவல் நிலையத்துக்குத்தான் வந்து சேரும். பெண்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் போன்ற இடங்களிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையங்களை நாடலாம்.

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால் பொருள் இருந்தால் என்ன செய்வது என்பது நம் மாவட்டத்துக்கே உரிய கேள்வி. திருவனந்தபுரத்தில் வேலை பார்த்து அங்கேயே வீடெடுத்துத் தங்கியவர்கள் இங்கே ஏராளம். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றும் வசதி இப்போது சட்டத்திலேயே இருப்பதால், "அது கேரளா கேஸ்" என்று திருப்பி அனுப்புவதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. உரிமையியல் வழக்குக்கு அந்த வசதி இல்லை. எதிர்த்தரப்பு வசிக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் தொடுக்க முடியும்.

மணமானவர்களும் மணமானவர் போல் வாழ்ந்தவர்களும்

கணவர் வீட்டில் நகை தங்கிவிட்ட பெண்களுக்கு இன்னும் வலுவான வழி உண்டு. திருமணத்தின்போது பெண்ணுக்குக் கிடைத்த நகையும் பொருளும் சீதனமாக அவளுக்கே முழு உரிமையானவை என்றும், அவற்றை வைத்திருக்கும் கணவரோ மாமியாரோ நம்பி ஒப்படைக்கப்பட்டவர்களே என்றும் உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, சீதனத்தையும் பிற பொருளையும் திருப்பித் தர நடுவர் உத்தரவிட இடமளிக்கிறது. மனுவை மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலர் மூலமே கொடுக்கலாம், மகளிர் உதவி எண் 181. மணம் செய்யாமல் நெடுநாள் கணவன் மனைவி போல் ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணும் இச்சட்டத்தை நாடலாம், ஆனால் வார இறுதிகளில் மட்டும் தங்கிய உறவு இதில் அடங்காது என்று 2010இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

நம் பக்கத்துக் கல்யாணங்களில் நகை ஒரு நாளும், அடுக்களை காணும் சடங்கில் பாத்திரமும் பீரோவும் வேறொரு நாளும் போவதால், இரண்டு நாள் படங்களையும் தேடி எடுங்கள். கேரளப் பெண் ஒருவர் தொடுத்த, 89 பவுன் பற்றிய வழக்கில், மணநாளன்றே நகையைக் கணவர் வாங்கி வைத்துக்கொண்டதை நம்பி, உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. இப்படிப்பட்ட உரிமையியல் விவகாரத்தில் ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் தேவையில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும் என்பதே அதன் அடிப்படை.

சான்றிதழும் வண்டியும்

குழித்துறைப் பக்கத்துச் செவிலியர் ஒருவர், வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அசல் சான்றிதழ்கள் முன்னாள் காதலர் வீட்டுப் பீரோவில் இருக்கின்றன என்று வந்தார். இத்தகைய பொருட்களுக்கு மட்டும் பொறுமையான படிப்படி முறை போதாது. கேட்பதும் நகல் எடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் கிடைப்பவற்றை அன்றே இறக்கிக்கொள்ளுங்கள், ஆதாரை இணையத்தில் எடுங்கள், பட்டச் சான்றிதழின் இரண்டாம் படிக்குப் படித்த பல்கலைக்கழகத்திடம் விண்ணப்பியுங்கள். குமரியின் கலை, அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஆனால் எந்த விண்ணப்பத்திலும் "பேருந்தில் தொலைந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். அசல் அவரிடம் இருப்பது உங்கள் வாட்ஸாப்பிலேயே இருக்கிறது. பொய்ப் புகார் உங்களையே திரும்பி வந்து பிடிக்கும். "இன்னார் வசம் உள்ளது, கேட்டும் தர மறுக்கிறார்" என்றே எழுதி, சி.எஸ்.ஆர். நகலை இணையுங்கள். பாஸ்போர்ட் சட்டப்படி அரசின் சொத்து. அதைப் பிடித்து வைக்க எந்தத் தனிமனிதருக்கும் உரிமை இல்லை என்பதை நோட்டீஸில் ஒரு வரியாகச் சேர்த்தால் அது பெரும்பாலும் முதல் ஆளாக வந்துவிடும். அந்தச் செவிலியருக்கு நோட்டீஸ் போன ஐந்தாம் நாள் ஃபைல் வந்தது, டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழ் ஒன்று மட்டும் இல்லாமல்.

வண்டியில் வேறு ஆபத்து இருக்கிறது. டி.என். 74 ஆனாலும் டி.என். 75 ஆனாலும் பதிவுச் சான்றில் உங்கள் பெயர் இருக்கும் வரை, அவர் ஓட்டி யாரையாவது இடித்தால் இழப்பீட்டுக்கு உரிமையாளர் என்று தேடிவருவது உங்களைத்தான். உச்ச நீதிமன்றமும் 2018இல் பதிவில் உள்ளவரையே உரிமையாளர் என்று சொன்னது. காப்பீடு காலாவதியாகிவிட்டதா என்று உடனே பாருங்கள், அபராத ரசீது வந்திருக்கிறதா என்று இணையத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். மாற்றுச்சாவி இருந்தாலும் தெருவில் நிற்கும் வண்டியைச் சொல்லாமல் எடுத்து வராமல், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் முன்னிலையில் எடுங்கள். மாறாக, வண்டியை அவரிடமே விட்டுவிட முடிவு செய்தால், பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்திட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றம் பதிவான பிறகே சாவியை மறந்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், கையெழுத்திட்ட பட்டியல், நோட்டீஸ் நகல், அது போய்ச் சேர்ந்ததற்கான அஞ்சல் சான்று, சி.எஸ்.ஆர். ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு, குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருங்கள். நிலுவை என்று எழுதிய பொருள் ஏதாவது இருந்தால், அதன் கெடு முடியும் தேதியை உறையின் மேலேயே எழுதிவையுங்கள்.